முதல் கேலன்

மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, எங்கள் கடைப் பம்பு படுத்துவிட்டது. காஜா பெராங் சாலையில் கடைக்குக் கடை கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மண்ணெண்ணெய்க் கடை வாசலில் மட்டும் எட்டுப் பேர் காலிப் போத்தலோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த இரண்டு நாளும் கடை திறக்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். ஒரு பொருள் வேலை செய்யாவிட்டால் முதலில் அதைத் திட்டுவார், அப்புறம் தட்டுவார், அதற்கும் மசியாவிட்டால்தான் என்னைக் கூப்பிடுவார். நான் பின்கட்டிலிருந்து வந்தபோது இரண்டாவது கட்டத்தில் இருந்தார். கையில் சுத்தியல்.

"அதக் கீழ வைங்க. பம்பு உங்களுக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?" என்றேன்.

"டிரம்மு புதுசு, சிவகாமி. காலையிலதான் தொறந்தேன், பாதிகூட எறங்கல. மூணு மணியில இருந்து நொண்டிக்கிட்டே இருந்துச்சு. இப்ப சுத்தமா நின்னுபோச்சு. எத்தன தடவ இழுத்தாலும் காத்துதான் வருது."

வரிசையில் முதலில் நின்ற பாக்கியலட்சுமி, எதிர்வீட்டுக்காரி, போத்தலை ஆட்டிக்காட்டினாள். "கலியாணசுந்தரம் அண்ணே, இருட்டப் போவுது. வீட்டு வெளக்குல ஒரு சொட்டு இல்ல."

"பத்து நிமிசம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

அந்தப் பம்பு ஒன்றும் பெரிய இயந்திரமில்லை. இடுப்பு உயரத்துக்கு ஒரு பித்தளைக் குழாய். டிரம்மின் பெரிய வாயில் இறக்கித் திருகினால் அடிவரை போகும். மேலே கைப்பிடி. அதை இழுத்தால் குழாய்க்குள் ஒரு தோல் வாஷர் எண்ணெயைத் தூக்கி மூக்கு வழியாகக் கொட்டும். குழாயின் அடியில் ஒரு வால்வு இருக்கிறது. உள்ளே ஏறின எண்ணெய் திரும்ப இறங்கிவிடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. கடையில் பேச்சு, சிரிப்பு, ஊர் நியாயம் எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். பம்பு என் பொறுப்பு. கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம் அது நின்றுபோய், அவர் திட்டி ஓய்ந்தபின் நானே கழற்றிப் போட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

முதலில் டிரம்மின் சின்ன மூடியைப் பார்த்தேன். பெரிய வாயில் பம்பு உட்கார்ந்திருந்தால் பக்கத்திலிருக்கும் சின்ன மூடியைத் தளர்த்தி வைக்க வேண்டும். உள்ளே காற்றுப் போகாவிட்டால் வெளியே எண்ணெய் வராது. பாதி நாள் இவர் மறப்பது அதைத்தான். அன்றைக்குத் தளர்ந்தே இருந்தது. குச்சியை விட்டுப் பார்த்தேன். எண்ணெய் பாதிக்கு மேல் கிடந்தது. பம்பைத் திருகி வெளியே எடுத்து, நிமிர்த்திப் பிடித்து, மேல்வழியாக ஒரு கோப்பை எண்ணெய் ஊற்றி அடி வால்வைப் பார்த்தேன். சொட்டவில்லை. சொட்டாது. இரண்டு வாரத்துக்கு முன்னால் தேய்ப்புப் பசை தடவி ஒரு மணி நேரம் தேய்த்து நான் உட்கார வைத்த வால்வு அது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மிச்சம் வாஷர்தான். கைப்பிடியைத் தூக்கினால் கொஞ்சம்கூடக் கனமில்லாமல் வந்தது. மேல் மூடியைக் கழற்றித் தண்டை உருவினேன். நுனியில் தோல் வாஷர் அப்பளம் மாதிரி இருந்தது. வெளுத்து, விறைத்து, ஓரமெல்லாம் உள்ளே சுருண்டிருந்தது. குழாயை ஒட்டிக்கொண்டு போக வேண்டிய தோல், நடுவே விரலை விடலாம் போல் சுருங்கிக் கிடந்தது.

அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வால்வைத் தேய்த்த அன்றே போட்ட புதுத் தோல் அது. இரண்டு நாள் நல்லெண்ணெயில் ஊற வைத்துப் போட்டேன். மத்தியானம் கடையைச் சாத்தும்போது கைப்பிடியை அமுக்கி வைத்துவிட்டுப் போங்கள், தோல் எண்ணெயில் நனைந்தே இருக்கட்டும் என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். இவர் தூக்கி வைத்துவிட்டுத்தான் சாப்பிட வருவார். ஆனால் அதற்காக இரண்டு வாரத்தில் இப்படிக் காயாது. மண்ணெண்ணெயில் இந்தத் தோல் ஆறு மாதம் ஓடும். ஒரே ராத்திரியில் தோலின் எண்ணெய்ப் பசையை முழுக்க உறிஞ்சி எடுக்கிற சரக்கு எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது.

"பம்ப யாருக்குக் குடுத்தீங்க?" என்றேன்.

"யாருக்கும் குடுக்கலியே." சட்டென்று சொன்னார். சொல்லிவிட்டு, ஈரமே இல்லாத கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார்.

"இதுல பெட்ரோல் ஏறியிருக்கு."

அவர் வரிசையைப் பார்த்துச் சிரித்தார். "இவளுக்கு எப்பவும் போலீஸ் புத்திதான். தோல் மட்டமான சரக்கு, வேற என்ன? பெட்ரோல்னா எனக்கு வாடை தெரியாதா?"

தெரியாது. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பதினாறு வருஷமாக மண்ணெண்ணெயில் ஊறின மூக்கு எங்களுடையது. கருவாடு கருகினாலும் பக்கத்து வீட்டில்தான் முதலில் சொல்வார்கள். நான் எழுந்து அவர் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினேன்.

"காலையில மொத கேலன் யாருக்கு ஊத்துனீங்க?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். புது டிரம் திறந்தால் முதல் கேலன் மாரியம்மன் கோயிலுக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் அம்மை வார்த்துக் கிடந்து பிழைத்து எழுந்தபோது வேண்டிக்கொண்டது. அம்மனுக்கு ஊற்றாமல் ஒரு சொட்டு விற்கமாட்டார். காத்திருப்பவன் கத்தினாலும் விற்கமாட்டார். அந்த ஒரு விஷயத்தில் நான் அவரைக் கேலி பண்ணினதில்லை. ஊரிலும் அதற்கு மரியாதை இருந்தது. அன்று ராத்திரி கோயிலில் மெர்டேக்காவுக்காகச் சிறப்புப் பூசை. அதில் அவருக்குப் பரிவட்டம் கட்டி மாலை போடுவதாகக் கோயில் தலைவரே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். சட்டை தேய்த்து மாட்டியிருந்தது.

கையைப் பிடித்து அவரைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே எல்லாம் வெளியே வந்தது. லாரி ஓட்டுகிற ஜெயபாலன் நாளைய ஊர்வலத்துக்கு லாரி ஜோடிக்கிறான். பத்து பெரெண்டாம் என்கிற ஊரில் ஒரு டிரம் பெட்ரோல் வாங்கி வைத்துவிட்டு, இறைக்கப் பம்பு இல்லாமல் நேற்றுச் சாயங்காலம் வந்து கேட்டிருக்கிறான். நான் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம். இவர் தூக்கிக் கொடுத்துவிட்டார். ராத்திரியே அவன் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். காலையில் அவசரம், அப்படியே புது டிரம்மில் இறக்கிவிட்டார்.

"உள்ள இருந்தத கொட்டிட்டுத்தான் குடுத்தேன்னு சொன்னான்" என்றார்.

"தலைகீழாக் கவுத்தாத்தான் கொட்டும். நிமுத்தி மாட்டுனா என் வால்வு ஒரு சொட்டு விடாது. குழா நெறைய இருந்திருக்கும். ரெண்டு போத்தல் பிடிக்கும் அது."

கேலன் டின் ஆறு போத்தல் கொள்ளும். அதில் இரண்டு போத்தல் பெட்ரோல். அந்த டின் காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டது. கோயிலில் கேஸ் விளக்கு ஏற்றுவது என் தம்பி தியாகு.

காற்றடித்து எரிக்கிற அந்த விளக்குகளை வாடகைக்கு விடுவதுதான் அவன் தொழில். தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி, மேலே கிண்ணத்தில் ஸ்பிரிட் விட்டுப் பற்றவைத்து, சூடேறினதும் காற்றடிக்க வேண்டும். காற்றடிக்கும்போது விளக்கு ஆள் மூஞ்சிக்கு ஒரு முழம்கூடத் தள்ளியிருக்காது. மண்ணெண்ணெய்க்குச் செய்த விளக்கு அது. பெட்ரோல் கலந்தால் தொட்டியே வெடிக்கும். தெங்கேராவில் மீன் விற்கிற சீதாவுக்கு அப்படித்தான் ஆனது. அவள் இப்போது முக்காட்டை எடுக்காமல்தான் மீன் நிறுக்கிறாள். எனக்குத் தியாகுவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அம்மா போனபிறகு என் கையால் சோறு தின்று வளர்ந்தவன்.

மணி ஐந்து ஐம்பது. அவன் ஆறேகாலுக்கு ஏற்றத் தொடங்குவான்.

"ஒன்னும் ஆவாது, சிவகாமி. கலந்துதானே இருக்கு. அம்மனுக்குக் குடுத்தது" என்றார் இவர். சொல்லும்போதே குரல் உடைந்தது. "நீ போ. தியாகுகிட்ட மட்டும் சொல்லு. காதும் காதும் வச்ச மாதிரி. தலைவருக்குத் தெரிய வேணாம். இன்னிக்கு மட்டும்... ஊரே இருக்கும் அங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சுத்தியலை எடுத்திருப்பேன். ஆனால் மாட்டியிருந்த சட்டையைப் பார்த்ததும் பாவமாகவும் இருந்தது. "சரி" என்றேன். "டின்னுக்கு அடுத்து வித்த போத்தல்லயும் கொஞ்சம் போயிருக்கலாம். மொதல்ல வாங்குனவங்க யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"பதினோரு பேரு. தெரியும்."

"அந்தப் பதினோரு வீட்டுக்கும் போயி போத்தல வாங்கிட்டு வாங்க. வெளக்கு வைக்கிறதுக்குள்ள."

"என்ன சொல்லி வாங்குறது?"

"என்னமோ சொல்லி வாங்குங்க!"

பழைய டிரம் எண்ணெய் இரண்டு போத்தல் அலமாரியில் இருந்தது. தியாகு ஒரு விளக்காவது ஏற்றிக்கொள்ளட்டும் என்று அதைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். வரிசையில் நின்றவர்களிடம் "பம்பு செத்துப்போச்சு, போங்க" என்றேன். பாக்கியலட்சுமி என்னமோ கேட்டாள். நின்று பதில் சொல்லவில்லை.

சாலையில் கால் வைக்க இடமில்லை. வளைவு கட்டுகிறவர்கள் மூங்கிலைக் குறுக்கே போட்டிருந்தார்கள். புக்கிட் ரம்பாய்ப் பக்கமிருந்து வந்த லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காகிதக் கொடியோடு "மெர்டேக்கா, மெர்டேக்கா" என்று கத்திக்கொண்டு என் இடுப்பில் முட்டினார்கள். விடிந்தால் நாட்டுக்குச் சுதந்திரம் என்கிற நாளில் ஒருத்தி இரண்டு போத்தலைக் கட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஓடுவதை யார் பார்க்கப் போகிறார்கள்? பத்து நிமிஷ நடையை ஐந்து நிமிஷத்தில் கடக்கப் பார்த்தேன். முடியவில்லை.

கோயில் வாசலில் நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த மேசையில் நான்கு கேஸ் விளக்குகள் வரிசையாக இருந்தன. கண்ணாடி துடைத்து, தொட்டி மூடி, எல்லாம் தயார். தியாகு முதல் விளக்கின் கிண்ணத்தில் ஸ்பிரிட் விட்டுக்கொண்டிருந்தான்.

சட்டையைப் பிடித்து இழுத்தேன். "தியாகு, ஏத்தாத. மாமா குடுத்த எண்ணெய ஊத்துனியா?"

"ஆமாக்கா. முழுசா ஊத்திட்டேன், டின்னுல ஒரு கை அளவுதான் மிச்சம். ஏன் இப்படி மூச்சு வாங்குற?"

"அது வேணாம். கொட்டிடு."

"ஏன்?"

அவன் ஏன் என்று கேட்பான் என்று நான் யோசிக்கவே இல்லை. தலைவர் அண்ணாமலைப் பிள்ளை நான்கு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் மாலை. என் வீட்டுக்காரர் முகமும் அந்தச் சட்டையும் எனக்கு ஞாபகம் வந்தன. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"தண்ணி கலந்திருக்கு. அதான்."

தியாகு டின்னைத் தூக்கிச் சாய்த்து, மிச்சத்தை வெளிச்சத்தில் பார்த்தான். விளக்குக்காரனிடம் போய் எண்ணெயைப் பற்றிப் பொய் சொன்னேனே, என் புத்தியை என்ன சொல்ல. "தண்ணின்னா கீழ உருண்டு ஓடும்க்கா. இதுல ஒன்னுமே இல்ல. மாமா ஆறு வருசமா குடுக்குறாரு, ஒரு நாள் தப்பா வந்ததில்ல. நீ போயி உள்ள உக்காரு. நேரமாச்சு."

சொல்லிக்கொண்டே தீக்குச்சியை உரசினான்.

நான் அவன் கையில் ஓங்கி அடித்தேன். குச்சி பறந்துபோய் மணலில் விழுந்து அணைந்தது. என் கையிலிருந்த ஒரு போத்தல் கல்லில் விழுந்து சிதறியது. நாதஸ்வரம் நின்றது. எல்லோரும் திரும்பினார்கள்.

"பெட்ரோல்!" என்று கத்தினேன். "அது மண்ணெண்ண இல்ல, பெட்ரோல் கலந்திருக்கு! பம்ப லாரிக்காரனுக்குக் குடுத்துட்டாரு, கழுவாம எறக்கிட்டாரு. என் வீட்டுக்காரரு!"

அண்ணாமலைப் பிள்ளை தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அவர் பல தலைமுறையாக இங்கேயே ஊறின செட்டி சமூகத்து மனிதர். கும்பிடுவது நம் அம்மனை, பேசுவது மலாய். நான் சொன்னதை யாரோ அவருக்கு மலாயில் சொன்னார்கள். அவர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"மிஞாக் டத்தோ. தா போலே புவாங்." அம்மனுடைய எண்ணெய், கொட்டக் கூடாது என்கிறார்.

கூட்டத்திலும் அதே பேச்சு. அம்மனுக்கு என்று கொடுத்ததை எப்படிக் கொட்டுவது, அதுவும் இன்றைக்கு? பெண்பிள்ளை சொல்கிறாளே, வாடைகூட இல்லையே. கற்பூரமும் சாம்பிராணியும் புகைகிற இடத்தில் யாருக்கு வாடை தெரியும்? தியாகு என்னைப் பார்த்த பார்வையில் பயமில்லை, வெட்கம்தான் இருந்தது. முதலில் தண்ணீர் என்றாள், இப்போது பெட்ரோல் என்கிறாள், அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பான்.

உடைத்த தேங்காய் மூடி இரண்டு எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கல்லின்மேல் வைத்தேன். ஒன்றில் என் போத்தலிலிருந்த எண்ணெயை ஊற்றினேன். இன்னொன்றில் அம்மன் டின்னிலிருந்த மிச்சத்தை ஊற்றினேன். டின்னைத் தூரத் தள்ளச் சொல்லிவிட்டு, தியாகுவிடம் தீப்பெட்டியை வாங்கினேன்.

முதல் குச்சியை உரசி என் எண்ணெய்க்குள் போட்டேன். சுர்ரென்று அணைந்து மிதந்தது. நல்ல மண்ணெண்ணெய் அப்படித்தான். திரி இல்லாமல் சட்டென்று பிடிக்காது.

இரண்டாவது குச்சியை அம்மன் எண்ணெய்ப் பக்கம் கொண்டுபோனேன். போடவே இல்லை. ஒரு சாண் தூரத்திலேயே குப்பென்று எழுந்து என் புறங்கையை நக்கிவிட்டு மேலே போயிற்று. பெண்கள் அலறினார்கள். யாரோ சாக்கைப் போட்டு அமுக்கினார்கள். நான் கையை மார்போடு அணைத்துக்கொண்டு கிணற்றுச் சுவரில் சாய்ந்தேன்.

அண்ணாமலைப் பிள்ளையே போய் மேசையில் இருந்த ஸ்பிரிட் புட்டியை மூடினார். தியாகு ஒரு விளக்கை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். தன் முகத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டான். இனி இவனுக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியானேன்.

"அக்கா" என்றான். குரல் வேறு மாதிரி இருந்தது. "அஞ்சு வெளக்கு ஊத்துனேன்."

மேசையில் நான்குதான் இருந்தன.

"அஞ்சாவது எங்கடா?"

"மாமா கடை வாசலுக்கு ஒன்னு கேட்டிருந்தாரு. பூக்காரர் ராஜரத்தினம் சைக்கிள்ல அந்தப் பக்கம் போனாரு. நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் குடுத்தனுப்புனேன்."

என் வீட்டுக்காரருக்கு எண்ணெய் கெட்டது தெரியும். ஆனால் இந்த விளக்கில் இருப்பது அந்த எண்ணெய் என்று எப்படித் தெரியும்? விளக்குக்காரன் விளக்கு, விளக்குக்காரன் ஊற்றிய எண்ணெய் என்றுதான் நினைப்பார். நான் செருப்பை அங்கேயே விட்டேன்.

அந்த ஓட்டத்தைப் பற்றி எனக்கு அதிகம் நினைவில்லை. வானம் வேறு மூடிக்கொண்டு வந்து, ஆறரைக்கே மங்கிவிட்டது. வீட்டுக்கு வீடு விளக்கேற்றத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு வெளிச்சமும் அந்தப் பதினோரு வீட்டில் ஒன்றோ என்று பார்த்துக்கொண்டே போனேன். தம்பிக்காக ஓடும்போது எனக்குக் கோபம் இருந்தது. அது கொஞ்சம் தெம்பும் கொடுத்தது. இப்போது அதுவும் இல்லை. பொய்க்காரர், சோம்பேறி, பம்பைச் சுத்தியலால் தட்டுகிற மனிதர். அவர் இல்லாவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்து வாய்விட்டு அழுதுகொண்டே ஓடினேன். மூங்கிலைத் தாண்டினேன். யார் காலையோ மிதித்தேன்.

கடை தெரிந்தது. வாசற்படியில் போத்தல்கள் வரிசையாக இருந்தன. அவற்றின் நடுவே அவர் குந்தியிருந்தார். ஒரு போத்தலைத் தூக்கி வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார், வெளிச்சம் போதவில்லை. கீழே வைத்தார். பக்கத்தில் தியாகுவின் விளக்கு. அதைத் தன் பக்கம் இழுத்து, கிண்ணத்தில் ஸ்பிரிட் விட்டு, தீப்பெட்டியைத் தட்டினார்.

"என்னங்க!"

ஒலிபெருக்கி கட்டின லாரி ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு நடுவில் போயிற்று. சாலையில் நின்ற ஆண்பிள்ளைகள் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை.

"என்னங்க! ஏத்தாதீங்க!"

குச்சி எரிந்தது. அவர் அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு விளக்கின் மேல் குனிந்தார்.

"கலியாணசுந்தரம்!"

பதினாறு வருஷத்தில் அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்ததே இல்லை. கணக்குப்பிள்ளை கேட்டபோதும், ஆஸ்பத்திரியில் கேட்டபோதும், பக்கத்தில் இருப்பவர்களைக் காட்டிச் சொல்ல வைத்திருக்கிறேன். என் அடிவயிற்றிலிருந்து அது கிளம்பின சத்தத்தில் சாலையே திரும்பியது. அவரும் திரும்பினார். வாய் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையில் குச்சி எரிந்துகொண்டே வந்தது. விரலைச் சுட்டதும் உதறினார். படியில் விழுந்தது, போத்தல்களுக்குப் பக்கத்தில். அங்கேயே கொஞ்சம் எரிந்தது. பிறகு அணைந்தது.

நான் போய் விளக்கைத் தூக்கி எட்ட வைத்தேன். அப்புறம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நடுரோட்டுல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடுற" என்றார். திட்டுகிற மாதிரி இல்லை. நம்ப முடியாத மாதிரி.

"அதே எண்ணெ. அந்த வெளக்குல. தியாகு நம்ம டின்னுல இருந்துதான் ஊத்தி அனுப்புனான்."

அவர் விளக்கைப் பார்த்தார். போத்தல்களைப் பார்த்தார். பதினொன்றையும் மூடி திறந்து வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துப் பிரிக்கலாம் என்று நினைத்திருக்கிறார். அவர் முகம் வேர்த்துப் போயிற்று. எதிர்வீட்டு வாசலில் பாக்கியலட்சுமி கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தியாகு?" என்றார்.

"நல்லா இருக்கான்."

கண்ணை மூடிக்கொண்டு "ஆத்தா" என்றார். அப்புறம்தான் என் கையைக் கவனித்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, என் கையைப் பிடித்து அதற்குள் அமுக்கினார். அவர் கையும் உள்ளேயே இருந்தது.

"பதினொன்னும் வந்துடுச்சா?" என்றேன்.

"வந்துடுச்சு. ரெண்டு வீட்டுல அடுப்புக்கு எடுத்துட்டாங்க, நல்லவேளை பத்த வைக்கல."

"என்ன சொல்லி வாங்குனீங்க?"

"என்னத்தச் சொல்றது. உள்ளதச் சொன்னேன். ஜெயபாலனுக்குப் பம்பக் குடுத்தேன், கழுவாம எறக்குனேன், என் தப்புன்னு. வேற என்ன சொன்னாலும் அவங்க போத்தலக் குடுக்கணுமே, சிவகாமி. பொய் சொல்லி ஒரு வீட்டுல குடுக்காம விட்டா?"

தண்ணீருக்குள் என் கை எரிந்தது. பதினோரு வாசலில் நின்று தன் மானத்தைத் தானே இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த நேரத்தில் நான் கோயிலில் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

"நீ தியாகுகிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"தண்ணி கலந்திருக்குன்னு சொன்னேன்" என்றேன். "அவன் அதுக்கப்புறம்தான் குச்சியக் கிழிச்சான்."